கூகைக்கரட்டுக்காரி

பர்கூர் தாண்டி
ஜல்லி லாரிகள் வெள்ளையடித்த புளியமரங்களுக்கு அப்பால்
நான்கு கரடுகள்.
பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள்போல்
ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும்.

கடல் இல்லை. ஆனாலும் தீவுகள்தான்.
இடையில் கிடக்கும் மாந்தோப்பும் கொள்ளுக்காடும்
இறக்கை இல்லாதவளுக்குக் கடல்தானே.

ஆணுக்கு இறக்கை உண்டு.
சுண்டுவிரல் நக அகலம், சாம்பல் நிறம்.
பெண்ணுக்குத் தோளில் இரண்டு குச்சம் மட்டும்.
பிறந்த பாறையிலேயே நடந்து
கற்பாசிமேல் முட்டையிட்டுச் சாவாள்.
(பிரியாணிக்குப் போடுவோமே, அதன் ஏழைச் சொந்தம்
இந்தக் கற்பாசி.)

குவாரி வாட்ச்மேன் திம்மராயன்
என் வெள்ளை பெட்ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.
ஜெனரேட்டர் இருமி இருமிப் பற்றியது.
"எல்லாம் விட்டில்தானே மேடம்.
விளக்கப் பாக்குது, வருது, சாவுது.
இதுக்கு எதுக்கு நாலு பேரு?"

கிருஷ்ணகிரியில், கல்லூரி இரண்டாம் மாடியில்,
வயிற்றின் கடைசிக் கண்ணிகளைக்
காரத்தில் வேகவைத்துக் கண்ணாடியில் பரப்பினேன்.
ஒரு கரட்டு ஆணின் கொக்கி கருக்கரிவாள்.
அடுத்த கரட்டில் தூண்டில்முள்.
மூன்றாவதில் நுனி பிளந்த கருவேலமுள்.
கூகைக்கரட்டில் கொக்கியே இல்லை,
ஒரு மழுங்கல், அவ்வளவுதான்.
நூறு வருடம் ஒரே பெயரில் கூட்டுக்குடித்தனம் இருந்தவை
என் மேசைமேல் பாகம் பிரிந்தன.

பெயர் வைக்க வேண்டும்.
அரிவாளுக்கும் தூண்டிலுக்கும் காரணப்பெயர்.
மூன்றாவதற்குத் துறைத்தலைவர் பெயர்.
அவர் கேட்கவில்லை. இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.
நான்காவதற்குத் திம்மராயனிடம் கேட்டேன்.
"எம் பேரா? பூச்சிக்கா?
வேணாம் மேடம், ஊர்ல சிரிப்பாங்க."

எனவே கரட்டின் பெயர்.
நம் மொழியில் பூச்சி அஃறிணை,
வந்தது, போனது என்றால் தீர்ந்தது.
லத்தீன் விடவில்லை:
பேரினம் பெண்பால், ஆகவே ஊர்ப்பெயரின் வாலிலும்
பெண்பால் விகுதி வேண்டும் என்றது.
ஒட்டினேன்.
திரும்பத் தமிழில் சொல்லிப் பார்த்தபோது
கூகைக்கரட்டுக்காரி என்று வந்தது.
யாரோ சந்தைக்கு வந்தவளைக்
கூப்பிடுவதுபோல் இருந்தது.

கரட்டுக்கும் வேறு பெயர்கள் இருந்தன.
தாலுகா அலுவலகத்தில் சர்வே எண் 214,
வகைப்பாடு: கல்லாங்குத்து, புறம்போக்கு.
துறைமுகம் போகும் காகிதத்தில்
ஏதோ ஒரு ரோஜா.

ஆய்விதழ் பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டது.
மதிப்பீட்டாளர் பணிவாகத்தான் எழுதியிருந்தார்:
ஒரே ஒரு பெண் போதாது,
அதே இடத்தில் இன்னும் சில சேகரிக்க இயலுமா?

போனேன்.
அட்சரேகை தீர்க்கரேகை விநாடி பிசகவில்லை.
இன்னும் நாற்பது மீட்டர் என்றது கைபேசி.
நான் நின்றதோ விளிம்பில்.
மீதி நாற்பது மீட்டரும் காற்று.
கீழே பச்சைத் தண்ணீர்,
ஒரு நாய் நீந்திக்கொண்டிருந்தது.
திம்மராயனை மத்தூர்ப் பக்கம் வேறு கல்லுக்கு மாற்றிவிட்டார்களாம்.

இயலாது என்று பதில் எழுதினேன்.
காரணம் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

அன்றிரவு பெட்டியைத் திறந்தேன்.
நாஃப்தலின் வாசனை. ஊசியில் அவள்,
பக்கத்தில் என் கையெழுத்தில் அவள் ஊர்.
அடியில், கார்க் மேல்,
கசகசா சிந்தியதுபோல் ஏதோ.
லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
ஊசி ஏறிய பிறகு இட்டிருக்கிறாள்.
இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை.

சின்னச் சீட்டு ஒன்று வெட்டினேன்.
தேதி தெரியாது.
இடம் என்ற இடத்தில் பேனா நின்றது.
கூகைக்கரடா, கார்க்கா.

முதலில் எண்ணிவிடலாம் என்று எண்ணினேன்.
இருபத்தேழு.
மறுபடி எண்ணினேன்,
இருபத்தாறு வந்தது.